‘பாஸ் ஆகாது’ என்று சொல்வதற்கு முன்: சிஸ்டம் சர்வீஸ் பார்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிவகாசியிலும் சுற்றுவட்டாரத்திலும் சிஸ்டம் சர்வீஸ் பார்க்கும் அண்ணாச்சிகளுக்கும் தம்பிகளுக்கும்,

வணக்கம்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுத்துவந்த பாதுகாப்பு அப்டேட் நின்றது. அன்றைக்குத் தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது. நம் ஊரில் அந்த நேரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடிப்பெருக்குக்கு மாதிரி ஆல்பம் போட்டுப் பிடித்த காலண்டர் ஆர்டரெல்லாம் மெஷினில் ஏறும் மாதம். பட்டாசுக் கடைகளில் பில் போட ஆள் போதாத வாரம். அந்த நெருக்கடியிலும் திரையில் வந்த அறிவிப்பைப் போனில் படம் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார்கள். “தம்பி, என்னமோ முடிஞ்சுபோச்சுன்னு சொல்லுதே, நாளைக்கு சிஸ்டம் ஓடுமா ஓடாதா?”

ஓடும் என்று சொல்லி அனுப்பியவர்கள் நம்மில் உண்டு. ஓடாது, புதுசு வாங்குங்கள் என்று சொல்லி கொட்டேஷனை நீட்டியவர்களும் உண்டு. 500 ரூபாய் வாங்கிக்கொண்டு எதையும் சொல்லாமல் விண்டோஸ் 11-ஐப் போட்டுக் கொடுத்தவர்களும் உண்டு. இந்த மூன்று வேலையையும் நானே வெவ்வேறு நாளில் செய்திருக்கிறேன். நேரில் உட்கார்ந்து பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். டீ வந்ததும் பேச்சு எஸ்எஸ்டி விலைக்குப் போய்விடும் என்று தெரியும். அதனால்தான் இப்படி எழுதுகிறேன்.

கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் அக்கா ஒருவர் சிபியுவை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். வேறொரு கடையில் “இது விண்டோஸ் 11-க்குப் பாஸ் ஆகாது” என்று சொல்லிவிட்டார்களாம். விண்டோஸ் 11 ஏறுமா என்று சோதித்துச் சொல்லும் மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக்கும் அதையேதான் காட்டியது. கேபினட்டைத் திறக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. பிராசஸர் ஐ3-8100, போர்டு எச்310. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் அனுமதித்த பட்டியலில் தெளிவாக இருக்கிற பிராசஸர் அது. கணினியின் அடிப்படை செட்டிங்ஸ் இருக்கும் பயாஸில் பிடிடி என்ற ஒரு வரி ‘டிஸேபிள்’ என்று கிடந்தது. கோளாறு அவ்வளவுதான். எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு வருஷத்துக்கு முன்னால் என்றால் அது என் கடையாகவே இருந்திருக்கலாம்.

விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0, அதாவது சாவியைப் பூட்டி வைக்கும் பாதுகாப்பு வசதி, என்றதும் தனியாக வாங்கிச் செருக வேண்டிய சிப் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். 2021 ஜூனில் விண்டோஸ் 11-ஐ அறிவித்த வாரத்தில் உலகம் முழுக்க அப்படித்தான் நினைத்து, அந்தச் சின்ன மாட்யூலை வாங்கிப் பதுக்கி விலையை ஏற்றினார்கள். பட்டியலில் இருக்கிற பிராசஸர்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் அந்த வேலையைச் செய்ய ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. இன்டெல் போர்டில் பிடிடி என்று தேடுங்கள், ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்று தேடுங்கள். பிராண்டட் கணினிகளில் 2016 ஜூலைக்குப் பிறகு வந்த புது மாடல்களில் டிபிஎம் 2.0 இருக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்டே விதி வைத்திருந்தது. நம் ஊரில் ஓடுவதெல்லாம் அசெம்பிள் சிஸ்டம். போர்டு செய்தவன் அதை அணைத்து வைத்து அனுப்பியிருப்பான், நாமும் பயாஸுக்குள் போனால் தேதியைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்துவிடுவோம். அதனால்தான் இத்தனை வருஷம் யார் கண்ணிலும் படவில்லை.

அடுத்த இடம் கொஞ்சம் வில்லங்கமானது. விண்டோஸ் 11 கேட்கும் இன்னொன்று செக்யூர் பூட், நம்பகமான ஓஎஸ்ஸை மட்டும் எழும்ப விடும் வசதி. அதற்கு யுஇஎஃப்ஐ என்ற புது வகை பயாஸ் வேண்டும், யுஇஎஃப்ஐக்கு ஹார்ட்டிஸ்க் ஜிபிடி என்ற புதுப் பார்ட்டிஷன் முறையில் இருக்க வேண்டும். ஆனால் நாம் வருஷக்கணக்காகப் பழைய பென்டிரைவை வைத்து லெகசி என்ற பழைய பயாஸ் முறையில்தான் ஓஎஸ் போட்டுவந்தோம். அதனால் விண்டோஸ் 11-க்குத் தகுதியான எட்டாம் தலைமுறை இன்டெல் கணினியிலும் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையிலேயே இருக்கிறது. இதற்காக எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் போட வேண்டும் என்று கஸ்டமரிடம் சொல்கிறோம். தேவையில்லை. விண்டோஸ் 10-லேயே 2017 முதல் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது. டேட்டாவைத் தொடாமல் மாற்றித் தரும். ஆனாலும் முதலில் பேக்கப் எடுங்கள். கரண்டு எப்போது போகும் என்று நமக்குத் தெரியாது.

அந்தக் கருவி நம் ஊரில் அடிக்கடி ‘வேலிடேஷன் ஃபெயில்டு’ என்று நின்றுவிடும், காரணம் நாம்தான். சி, டி, இ என்று மூன்று டிரைவ் பிரித்துக் கொடுத்தால்தான் கஸ்டமருக்குத் திருப்தி. பழைய பழக்கத்தில் டி-யையும் இ-யையும் எக்ஸ்டெண்டட் என்ற பெரிய பார்ட்டிஷனுக்குள் லாஜிக்கல் என்ற உட்பிரிவாகப் போட்டிருப்போம். லாஜிக்கல் டிரைவ் இருந்தால் எம்பிஆர்2ஜிபிடி தொடவே தொடாது. மூன்றுக்கு மேல் பிரைமரி, அதாவது முதன்மைப் பார்ட்டிஷன், இருந்தாலும் அப்படித்தான். டி, இ இரண்டையும் வெளி ஹார்ட்டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு, அந்தப் பார்ட்டிஷன்களை நீக்கி, சி-யை மட்டும் வைத்து மாற்றி, மறுபடி பிரித்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று மணி நேர வேலை. அதற்கு உண்டான கூலியை நேராகக் கேளுங்கள், கொடுப்பார்கள். 35,000 ரூபாய் புது சிஸ்டத்துக்கு முன்னால் 1,000 ரூபாய் கூலியை யாரும் பெரிதாக நினைக்கப்போவதில்லை.

இளம் தம்பிகளுக்கு இன்னொன்று. பழைய ஜிடி 210, ஜிடி 610 கிராஃபிக்ஸ் கார்டு போட்ட சிஸ்டத்தில், பழைய பயாஸ் முறைக்கு இடம் தரும் சிஎஸ்எம்-ஐ அணைத்துவிட்டு சேவ் கொடுத்தால், திரை கருப்பாகி நிற்கலாம். பீப் அடிக்கும், படம் வராது. போர்டு போய்விட்டது என்று கை நடுங்க வேண்டாம். அந்தக் காலத்துக் கார்டுகள் பலவற்றுக்கு யுஇஎஃப்ஐயில் படம் காட்டத் தெரியாது. கார்டைக் கழற்றி, போர்டிலேயே இருக்கும் டிஸ்பிளேயில் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பயாஸ் செட்டிங்ஸைக் காக்கும் சிமாஸ் பேட்டரியைச் சற்று நேரம் கழற்றி மாட்டுங்கள். முதல் தடவை எனக்கு இது நடந்தபோது ராத்திரி பதினொரு மணி. கஸ்டமர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

சரி, இதெல்லாம் பாஸ் ஆகக்கூடிய சிஸ்டங்களின் கதை. நிஜமாகவே பாஸ் ஆகாதவை நிறைய இருக்கின்றன. அங்கே தடையாக நிற்பது பிராசஸர், அதை பயாஸில் மாற்ற முடியாது.

இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டியில் ரைஸன் 2000 வரிசையிலிருந்து என்று வாய்ப்பாடாகச் சொல்கிறோம். ரைஸனில் அந்த வாய்ப்பாடு காலை வாரும். ரைஸன் 3 2200ஜி, ரைஸன் 5 2400ஜி இரண்டுக்கும் பெயர் 2000-இல் தொடங்கினாலும் உள்ளே இருப்பது முதல் தலைமுறைச் சரக்கு, பட்டியலில் கிடையாது. கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் செலவு மிச்சம் என்று அந்த 2200ஜி-யை எத்தனை பேருக்கு நாம் விற்றிருக்கிறோம்! அதனால் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள்.

இன்டெல் பக்கம் வேறொரு தொல்லை. “ஐ5 சிஸ்டம் சார்” என்று சொல்லி இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிராசஸரை எச்61 போர்டில் போட்டு, பளபளப்பான கேபினட்டில் புதுசு என்று இன்னமும் விற்கிறார்கள். வாங்குகிறவருக்கு ஐ5 என்றால் ஐ5. ஐ5-3470-க்கும் ஐ5-8400-க்கும் நடுவில் ஐந்து வருஷம் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? கோட்டின் பின்னால் இருக்கும் முதல் எண்தான் தலைமுறை, ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டு எண். இதைக் கஸ்டமருக்குச் சொல்லிக்கொடுக்க அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷத்தைச் செலவழித்தால் சில சரக்குகள் விலைபோகாது என்பதும் எனக்குத் தெரியும்.

இந்தக் கட்டுப்பாட்டுக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் காரணங்களை நான் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். சாவியைத் தனி இடத்தில் பூட்டி வைப்பது, விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே நுழைந்துவிடும் வைரஸைத் தடுப்பது, இதெல்லாம் வேண்டியதுதான். 2021 ஆகஸ்டில் அவர்களே ஒரு கணக்கும் சொன்னார்கள்: சோதனைப் பதிப்பை ஓட்டியதில், தகுதி இல்லாத கணினிகளில் ஓஎஸ்ஸின் மையமே முடங்கும் கெர்னல் கிராஷ் 52 சதவீதம் அதிகமாம். இருக்கட்டும். ஆனால் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பை வேகம் குறையாமல் ஓட்டுவதற்கான வன்பொருள் வசதி இன்டெலின் ஏழாம் தலைமுறையிலேயே வந்துவிட்டது. அந்தத் தலைமுறை பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. ஏஎம்டியில் அந்த வசதி ஜென் 2 என்ற வடிவமைப்பில்தான் வந்தது, அதற்கு முந்தைய ஜென் பிளஸ் உள்ளே இருக்கிறது. ஏழாம் தலைமுறை மடிக்கணினிப் பிராசஸர்களிலும் ஐ7-7820எச்கியூ என்ற ஒன்றுக்கு மட்டும் பின்னால் கதவைத் திறந்தார்கள். மைக்ரோசாஃப்டே விற்ற சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2-இல் இருப்பது அது. கோட்டை எங்கே போட வேண்டும் என்பதில் தொழில்நுட்பம் மட்டும் பேசவில்லை என்று நினைக்க எனக்கு இது போதும். ஆனாலும் அந்தச் சண்டையை நாம் போட்டு ஜெயிக்கப்போவதில்லை. நம் கையில் இருப்பது, இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவரிடம் நாம் என்ன சொல்கிறோம் என்பது.

அவரிடம் நாம் பெரும்பாலும் எதுவும் சொல்வதில்லை. ரூஃபஸ் என்ற மென்பொருளில் பென்டிரைவ் தயார் செய்யும்போது டிபிஎம், செக்யூர் பூட் சோதனையை நீக்கு என்று ஒரு டிக் போட்டால் முடிந்தது. நான்காம் தலைமுறை ஐ3-யிலும் விண்டோஸ் 11 ஏறிவிடும், பார்க்க அழகாக இருக்கும், கஸ்டமர் சந்தோஷமாகப் போவார். அது தப்பு என்று நான் சொல்லவில்லை. சொல்லாமல் செய்வதுதான் தப்பு.

ஏனென்று கேளுங்கள். அப்படி ஏற்றிய கணினிக்கு மாதாந்திர அப்டேட் இதுவரை வந்துகொண்டிருந்தாலும், வரும் என்று உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் எழுதியே வைத்திருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை வரும் புதுப் பதிப்பு தானாக வராது, யாராவது உட்கார்ந்து கையால் ஏற்ற வேண்டும். ஹோம், புரோ பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஆயுள் இரண்டு வருஷம். நாம் 2023 கடைசியிலும் 2024-லும் போட்டுக் கொடுத்த 23எச்2 என்ற விண்டோஸ் 11 பதிப்பின் ஆயுள் 2025 நவம்பர் 11-இல் முடிந்தது. அதன் பிறகு அந்தச் சிஸ்டத்துக்கு அப்டேட் இல்லை. பக்கத்துக் கடையில் அதே வயதுச் சிஸ்டம் ஒன்று விண்டோஸ் 10-லேயே இருக்கிறது. அதன் உரிமையாளர் மைக்ரோசாஃப்டின் அப்டேட் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்திருந்தால் அவருக்கு 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் உண்டு. புதுசு போட்டவர் பாதுகாப்பில்லாமலும் பழசை வைத்திருப்பவர் பாதுகாப்போடும் இருக்கிறார். இதை நாம் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

கோர் 2 டியோ காலத்துச் சிஸ்டத்தில் இந்த வித்தையும் செல்லாது. 24எச்2 பதிப்பிலிருந்து பிராசஸரில் எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுதி இல்லாவிட்டால் விண்டோஸ் எழும்பவே எழும்பாது. அதில் எந்த டிக்கும் போட்டுப் பயனில்லை.

இந்த மடலை எழுத என்னை உட்கார வைத்த விஷயத்துக்கு வருகிறேன். இதில் குற்றவாளி நான்தான்.

விண்டோஸ் 11 ஹோம் போடும்போது இணையமும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டும் கேட்கும். அதைத் தாண்டும் குறுக்கு வழிகளையும் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வருகிறார்கள். சிஸ்டத்தை விட்டுப் போன கஸ்டமருக்குப் போன் போட்டு, உங்கள் மெயில் என்ன, பாஸ்வேர்டு என்ன, ஓடிபி வந்ததா என்று கேட்டு முடிப்பதற்குள் அரை நாள் போய்விடும். அதனால் கடை பெயரில் ஒரு அக்கவுண்ட் ஆரம்பித்து, வருகிற சிஸ்டத்துக்கெல்லாம் அதையே போட்டேன். வேலை முடிந்தால் சரி என்று நெக்ஸ்ட், நெக்ஸ்ட் தட்டிவிட்டு அனுப்பிவிடுவேன். இதைப் படிக்கும் உங்களில் சிலர் இப்போது லேசாகச் சிரிப்பீர்கள் என்று தெரியும்.

ஒரு நாள் ஆடிட்டர் ஆபீஸ் கிளார்க் ஒருவர் கோபமாக வந்தார். அவருடைய டெஸ்க்டாப்பில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் ஆதார் நகலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும் வந்து உட்கார்ந்திருந்தன. எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. எல்லாரும் ஒரே அக்கவுண்ட். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் எல்லாருடைய டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸையும் அள்ளி ஒரே இடத்தில் போட்டு, எல்லாருக்கும் பரிமாறிக்கொண்டிருந்தது. கணக்கு வழக்கு, பான் கார்டு, குடும்பப் படம், எல்லாம். அவர் எனக்குத் தெரிந்தவர், அதனால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனார். நான் பயந்துபோய் அன்று ராத்திரியே அந்த அக்கவுண்டை மூடும்படி கொடுத்துவிட்டேன். மூடினால் விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்து ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் லேப்டாப்போடு வந்தார். மேஜையிலிருந்து விழுந்து போர்டு போய்விட்டது. அதனாலென்ன, எஸ்எஸ்டியைக் கழற்றி கேஸில் போட்டு வேறு சிஸ்டத்தில் சொருகினால் படமெல்லாம் வந்துவிடும் என்று அவருக்குத் தைரியம் சொன்னேன். சொருகினேன். 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டது.

டிவைஸ் என்கிரிப்ஷன் என்பது நாம் கேட்டு வருவதில்லை. வசதியுள்ள கணினியில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோடு உள்ளே நுழைந்தால் தானாகவே டிஸ்க்கைப் பூட்டிவிடும். முன்பு சில வகை மடிக்கணினிகளில் மட்டும் நடந்தது, 24எச்2-வில் அந்த நிபந்தனைகளையும் தளர்த்திவிட்டார்கள். புதிதாக இன்ஸ்டால் செய்யும் பலவற்றில் இப்போது நடக்கிறது. பூட்டு எஸ்எஸ்டியில், சாவி போர்டில் இருக்கும் டிபிஎம்மில். மாற்றுச் சாவி அக்கவுண்டில். அந்த அண்ணனின் போர்டு செத்துவிட்டது. அக்கவுண்டை நான் மூடிவிட்டேன், மூடியதை மீட்க அவர்கள் தரும் அவகாசமும் கடந்துவிட்டது. சென்னைக்கு அனுப்பினாலும் ஆகாது, எங்கே அனுப்பினாலும் ஆகாது. திருடன் கையில் போகக் கூடாது என்பதற்காகச் செய்த பூட்டு, அதன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

இன்னும் ஆல்பம் போட்டுக் கொடுக்காத ஒரு வளைகாப்பும் ஒரு காது குத்தும் அதற்குள் இருந்தன. நான் கொடுத்த பணத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. “நீ வேணும்னேவா செஞ்ச? விடுப்பா” என்றார். இப்போதும் சர்வீஸுக்கு என்னிடம்தான் வருகிறார். அவர் வேறு கடைக்குப் போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதனால் கேட்கிறேன். அரை நாள் ஆனாலும் பரவாயில்லை, கஸ்டமரை எதிரே உட்கார வைத்து அவருடைய அக்கவுண்டிலேயே போடுங்கள். அவருக்கு அக்கவுண்ட் இல்லையென்றால் அவருடைய போன் நம்பரில் ஆரம்பித்துக் கொடுங்கள். வேலை முடிந்ததும் என்கிரிப்ஷன் இருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். இருந்தால் அந்த 48 எண்ணையும் பிரிண்ட் எடுத்து, பில்லோடு சேர்த்துப் பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அவரைக் கேட்டு அணையுங்கள். பயாஸ் அப்டேட் செய்வதற்கு முன்பும் டிபிஎம்மை கிளியர் செய்வதற்கு முன்பும் இதைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

டிடிபி கடைகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இது நம் ஊருக்கே உரிய சிக்கல். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல். 2004-இல் அடோபி அதை வளர்ப்பதை நிறுத்திவிட்டது. நம் ஊர் பிரஸ்களில் இன்றைக்கும் அதில்தான் பக்கம் கட்டுகிறார்கள். பழைய காலண்டர் ஃபைல் எல்லாம் அதில் இருக்கிறது, பழைய தமிழ் ஃபாண்ட் எல்லாம் யுனிகோடுக்கு முந்தையவை, அந்த ஃபாண்ட் மென்பொருள் சிலவற்றுக்குக் கணினியில் சொருகும் உரிமச் சாவியான டாங்கிள் வேறு. அந்தச் சிஸ்டங்களில் விண்டோஸ் 32-பிட்டாக இருக்கும். விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. 32-பிட்டிலிருந்து நேராக அப்கிரேடும் ஆகாது, அழித்துத்தான் போட வேண்டும். போட்டால் பேஜ்மேக்கர் ஓடலாம். ஆனால் 32-பிட் டிரைவர் மட்டுமே உள்ள டாங்கிள் ஓடாது. டாங்கிள் விற்ற ஆள் தொழிலையே விட்டிருப்பார். டிசைனர் அண்ணன் சீசன் நேரத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்.

அப்படிப்பட்ட சிஸ்டத்தை அப்டேட் செய்யவே வேண்டாம் என்பது என் கட்சி. இருக்கிறபடி விட்டுவிட்டு நெட் கேபிளைப் பிடுங்குங்கள். வைஃபை இருந்தால் கழற்றுங்கள். மெயில், ஜிஎஸ்டி, பேங்க் வேலைக்கெல்லாம் சின்னதாக இன்னொரு சிஸ்டம். பென்டிரைவை அந்தச் சிஸ்டத்தில் ஸ்கேன் செய்த பிறகுதான் இதில் சொருக வேண்டும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் வந்தபோது அதை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே, வந்திருந்தது. அதைப் போடாமல் நெட்வொர்க்கில் நின்ற சிஸ்டங்களைத்தான் அது தேடித் தேடிப் பிடித்தது. நெட்வொர்க்கிலேயே இல்லாத சிஸ்டத்தை அப்படி எட்டிப் பிடிக்க முடியாது.

மற்றவர்களுக்கு, அதாவது வீட்டில் வைத்திருப்பவர்களுக்கும் சின்னக் கடைக்காரர்களுக்கும், நீட்டிப்புத் திட்டத்தைச் சொல்லுங்கள். விண்டோஸ் 10 22எச்2-வாக இருக்க வேண்டும், சொந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் வேண்டும். செட்டிங்ஸை அந்த அக்கவுண்டில் பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் பணம் வேண்டாம். இல்லாவிட்டால் 1,000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் பாயிண்ட் அல்லது 30 டாலர், உள்ளூர் வரி தனி. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரும் இணைப்பு வருகிறது. டொமைன் என்ற நிறுவன நெட்வொர்க்கில் இணைந்த ஆபீஸ் சிஸ்டங்களுக்கு இது ஆகாது. அவர்களுக்குத் தனித் திட்டம், முதல் வருஷம் ஒரு கணினிக்கு 61 டாலர், வருஷா வருஷம் இரட்டிப்பு, மூன்று வருஷத்தோடு முடிவு. வீட்டுக்காரர் இதில் சேர்ந்த கையோடு ஹார்ட்டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, ரேமை 8 ஜிபி ஆக்கினால், விண்டோஸ் 11 வந்துவிட்டதோ என்று அவரே கேட்பார். நமக்கும் அதில் நாலு காசு உண்டு. நிறுவனங்களுக்கென்று வரும் ஐஓடி எல்டிஎஸ்சி பதிப்பு போட்டுத் தருகிறேன், 2032 வரை கவலையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அது கடையில் சில்லறையாக விற்கும் சரக்கல்ல. உரிமம் எங்கிருந்து வந்தது என்று கஸ்டமர் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

விண்டோஸுக்குப் பதிலாக இலவச ஓஎஸ்ஸான லினக்ஸ் போடலாமே என்று காலேஜ் தம்பிகள் கேட்பார்கள். போடலாம், நானும் போடுகிறேன். அரசு லேப்டாப் ஞாபகம் இருக்கிறதா? 2011-இல் தொடங்கிய திட்டம். விண்டோஸோடு, இந்தியாவில் உருவாக்கிய ‘பாஸ்’ (BOSS) லினக்ஸும் அதில் வந்தது, வந்த வேகத்தில் அதை அழித்துக் கொடுத்ததே நாம்தான். அந்த லேப்டாப்புகள் இன்னும் கடைக்கு வருகின்றன. படிக்க, பார்க்க, தட்டச்சு செய்ய மட்டும் வேண்டும் என்கிற வீட்டுக்கு லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தால் ஓடுகிறது, தமிழ்99 கீபோர்டிலும் ஒழுங்காக அடிக்க முடிகிறது. பக்கத்துக் கேரளத்தில் பள்ளிக்கூடங்களே லினக்ஸில் நடக்கின்றன. ஆனால் டேலி வைத்திருப்பவருக்கும், கைரேகை மெஷின் வைத்து ஆதார் வேலை பார்ப்பவருக்கும், கேனன் எல்பிபி 2900 பிரிண்டர் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் ஆசை காட்டிப் போட்டுவிடாதீர்கள். அந்தப் பிரிண்டரை லினக்ஸில் ஓட வைக்க நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையையே தொலைத்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் மேல், புதுசு வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற சிஸ்டமும் வரும். போர்டு வீங்கிய கெப்பாசிட்டரோடு, மூன்று வருஷமாக வாரத்துக்கு ஒரு தடவை நம்மிடம் வரும் சிஸ்டம். அதை வாங்கச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். பழசைக் காயலான் கடைக்குத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஹார்ட்டிஸ்க்கைக் கழற்றி உரியவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

நான் இப்போது பில்லோடு ஒரு தாள் வைக்கிறேன். அரைப் பக்கம்தான், தமிழில்தான். பிராசஸர் மாடல், தலைமுறை. எந்த விண்டோஸ், எந்தப் பதிப்பு, அதற்கு அப்டேட் எந்தத் தேதி வரை. சோதனையைத் தாண்டிப் போட்டதா, முறைப்படி போட்டதா. எந்த மெயிலில் அக்கவுண்ட், அது யாருடையது. டிஸ்க் பூட்டியிருக்கிறதா, கீ கொடுத்தாயிற்றா. கீழே என் கையெழுத்தும் அவர் கையெழுத்தும். முதல் வாரம் கஸ்டமர்கள் ஒரு மாதிரிதான் பார்த்தார்கள், ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்குவதுபோல் இருக்கிறதாம். இப்போது அடுத்த கடையில் சர்வீஸுக்குப் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உங்கள் கடைக்கு அப்படி யாராவது வந்தால், அதில் நீங்கள் செய்ததையும் கீழே எழுதிக் கொடுங்கள்.

தாளின் மாதிரி வேண்டுமென்றால் கடைக்கு வாருங்கள், பென்டிரைவில் போட்டுத் தருகிறேன். என் கடைப் பெயரை எடுத்துவிட்டு உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். ஞாயிறு மட்டும் இருக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்